எந்த பிரீஃபை எடுப்பது? ரெட்டிபாளையத்திலிருந்து வந்த ஒரு கேள்வி

நம் பிள்ளைகள் இப்போது விஸ்காம், அனிமேஷன், டிசைன் என்று படிக்கப் போகிறார்கள். நர்சிங், பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சி என்பதைத் தாண்டி யோசிக்கவே வழியில்லாதிருந்த தெருக்களிலிருந்து போகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த வகுப்பறைகளில் அவர்கள் சந்திக்கும் கேள்விகளுக்கு நம் இயக்கங்களிடம் பதில் தயாராக இல்லை. சாதிச் சான்றிதழ் தாமதமானால் எங்கே மனு கொடுப்பது, உதவித்தொகை வரவில்லை என்றால் யாரைப் பார்ப்பது, விடுதியில் சோறு சரியில்லை என்றால் எப்படிப் போராடுவது என்று நமக்குத் தெரியும். "புராஜெக்டுக்கு எந்த பிரீஃபை எடுக்கட்டும்ணா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நமக்குச் சட்டென்று சொல்லத் தெரிவதில்லை.

என்னிடம் அப்படிக் கேட்டவள் அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்துப் பெண். நாங்கள் நடத்திய மாலை நேர வகுப்பில் ஏழாம் வகுப்பிலிருந்து வந்தவள். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கப் படமாகவே இருக்கும். இப்போது வெளியூரில் ஒரு கல்லூரியில் அனிமேஷன் இறுதியாண்டு படிக்கிறாள். பெயர் வேண்டாம்.

பிரீஃப் என்றால் என்ன என்று தெரியாத தோழர்களுக்கு: என்ன படம், யார் பார்ப்பதற்கு, எத்தனை நொடி, என்ன கட்டுப்பாடு என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கும் பணிக்குறிப்பு. விளம்பர நிறுவனங்களிலும் ஸ்டுடியோக்களிலும் வாடிக்கையாளர் கொடுப்பார். கல்லூரியில் ஆசிரியர் கொடுப்பார். இவள் வகுப்புக்கு மூன்று கொடுத்திருந்தார்கள். ஒன்று, ஒரு சமூகப் பிரச்சினையைப் பற்றி அறுபது நொடி விழிப்புணர்வுப் படம். இரண்டு, உங்கள் வட்டாரத்து நாட்டுப்புறக் கதை ஒன்று, தொண்ணூறு நொடி. மூன்று, ஏதேனும் ஒரு பொருளின் பயணம், வசனம் இல்லாமல் அறுபது நொடி. ஒரு வாரத்தில் ஒன்றைத் தேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. வேலை கேட்டுப் போகும்போது ஸ்டுடியோக்களில் போட்டுக் காட்ட இந்தப் படமும் உதவும்.

அவள் கேட்பதற்கு முன்பே வகுப்பில் ஒரு பதில் சொல்லியிருந்தார்கள். "உனக்கு முதல் பிரீஃப்தான் பொருத்தம். உங்க ஊர் பக்கம் நிறைய இருக்குமே" என்று வழிகாட்டும் ஆசிரியர் சொன்னாராம். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த வாக்கியம் அவளைக் குடைந்திருக்கிறது. "மத்தவங்க கிட்ட உனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாங்க அண்ணா. என்கிட்ட மட்டும் எது பொருத்தம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

முதல் பிரீஃபை எடுத்துக்கொள்வோம். சமூகப் பிரச்சினை, விழிப்புணர்வு. சாதியைப் பற்றிப் பேச வகுப்பறையே இடம் கொடுக்கிறது, அதை விடலாமா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த வகைப் படங்கள் வழக்கமாக எப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். செருப்பில்லாத ஒரு குழந்தை. கிழிந்த சட்டை. தனியாக வைத்த ஒரு தம்ளர். சோகமான புல்லாங்குழல். கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வாசகம். பார்ப்பவர் இரண்டு நிமிடம் வருந்திவிட்டு, தான் நல்லவர் என்ற நிம்மதியோடு போவார். "விழிப்புணர்வு" என்ற சொல்லிலேயே பார்வையாளர் யார் என்பது முடிவாகிவிடுகிறது. விழிக்க வேண்டியவர் அவர். அவரை விழிக்கவைக்கும் பண்டம் நாம். இருபது வயதுப் பெண் தன் தெருவையும் தன் அம்மாவையும் அந்தப் பண்டமாக வரைந்து வகுப்பின் முன் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் போடுவார்கள்.

அவள் மனத்தில் வேறொரு யோசனையும் இருந்தது. அதே மாவட்டத்துக் குழுமூர் அனிதா. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்ட நம் பிள்ளை. அரியலூர்ப் பெண் ஒருத்தி படம் வரையக் கற்றால் அனிதாவை வரைய நினைப்பது இயல்பு. நான் இரண்டு கேள்வி கேட்டேன். அந்தக் குடும்பத்தினரிடம் யார் போய் அனுமதி கேட்பது? அறுபது நொடியில் அந்த மரணத்தைத் தவிர வேறு எதைக் காட்ட உனக்கு நேரம் இருக்கும்? அவள் சற்று நேரம் பேசவில்லை. "அவங்க படிச்சதைத்தான் வரையணும்ணா. செத்ததை வரையக் கூடாது" என்றாள். அதற்கு அறுபது நொடி போதாது என்று அவளே முடிவு செய்தாள். அந்தப் படம் வர வேண்டும், வரும். செமஸ்டர் முடிவுத் தேதிக்குள் வரவேண்டியதில்லை.

இரண்டாவது பிரீஃப் நாட்டுப்புறக் கதை. பார்க்க அப்பாவியாகத் தெரியும். ஆனால் கதை யாருடையது என்று கேட்டவுடன் சிக்கல் தொடங்குகிறது. நந்தன் கதையைப் பாருங்கள். பெரியபுராணத்தில் நந்தனை வேலை வாங்கும் வேதியர் என்று ஒருவர் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய கீர்த்தனையில்தான் அந்தப் பண்ணையார் வருகிறார். 1935இலும் 1942இலும் வந்த நந்தனார் திரைப்படங்கள் அந்த வழியில் போயின. அயோத்திதாசப் பண்டிதரோ நந்தனைப் பௌத்த மன்னன் என்று எழுதினார். ஒரே பெயர். ஒருவருக்கு நெருப்பில் இறங்கிப் புனிதமாகும் அடியார், இன்னொருவருக்கு நாட்டை இழந்த அரசன். எந்த நந்தனை வரைவது என்று தீர்மானிப்பதற்கே ஓராண்டு படிக்க வேண்டும். ஆகவே நாட்டுப்புறக் கதை என்றாலே அரசியல் இல்லாத பத்திரமான இடம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நேரமும் துணிவும் இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

நேரம் என்றதும் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். கனவு காணும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுவோம். படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைப்பார்கள். அப்படியும் நொடிக்கு 12 படங்கள். அறுபது நொடிக்கு 720. தொண்ணூறு நொடிக்கு 1080. நாளைக்குப் பதினைந்து படம் முடித்தால் அறுபது நொடிப் படத்துக்கு 48 நாள், தொண்ணூறு நொடிக்கு 72 நாள். வண்ணம், ஒலி, திருத்தம் எல்லாம் தனி. இவளிடம் சொந்த லேப்டாப் இல்லை. கல்லூரி லேப் மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. வீட்டில் தனி அறையும் பெரிய திரையும் உள்ள மாணவருக்குத் தொண்ணூறு நொடி என்பது வெறும் முப்பது நொடி அதிகம். இவளுக்கு அது ஒரு மாதம் அதிகம். பிரீஃப் எல்லாருக்கும் ஒரே தாளில்தான் அச்சாகி வருகிறது. அதன் எடை எல்லாருக்கும் ஒன்றல்ல.

மிச்சம் இருப்பது மூன்றாவது. ஒரு பொருளின் பயணம். வசனம் இல்லை. வகுப்பில் மற்றவர்கள் காகிதக் கப்பல், பலூன், காபிக் கொட்டை என்று யோசித்துக்கொண்டிருந்தார்களாம். "எனக்கு ஒண்ணும் தோணலண்ணா" என்றாள்.

"உங்க ஊர்ல என்ன கிடைக்கும்?"

"சுண்ணாம்புக்கல்லும் தூசியும்தான்" என்று சிரித்தாள்.

ரெட்டிபாளையத்தைப் பார்த்திராதவர்களுக்கு: சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலை, சாலையில் ஓயாத டிப்பர் லாரிகள். வேப்பிலையும் வெளிறிப்போய் இருக்கும். ஆனால் அந்தக் கல்லின் கதை பெரியது. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும் படிந்து படிந்து இறுகியதுதான் இன்று வெட்டியெடுக்கும் கல். பக்கத்துக் கல்லங்குறிச்சியின் பெயரையே ஒரு பாறை அடுக்குக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். வாரணவாசியில் இதற்கென்று அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. இவளோ சின்ன வயதில் சிப்பிக் கற்களைப் பொறுக்கிச் சொட்டாங்கல் ஆடியவள். வகுப்பில் வேறு யாருக்கும் இந்தக் கல்லை இப்படித் தெரியாது. வழிகாட்டும் ஆசிரியருக்கும் தெரியாது.

எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. முதல் பிரீஃபில் அவள் பரிதாபத்துக்கு உரியவளாக நிற்க வேண்டும். மூன்றாவதில் அவள் விஷயம் தெரிந்தவளாக நிற்கலாம்.

ஒரு தோழர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார். "சாதியைப் பேச வாய்ப்பு கொடுத்திருக்காங்க. நீங்க கல்லை வரையச் சொல்றீங்க. கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேரை எரிச்சதை யார் வரைவா? நாம விட்டா வேற யாராவது தப்பா வரைவாங்க" என்றார். நியாயமான கோபம். 1968 டிசம்பர் 25 இரவு அந்தக் குடிசைக்குள் நடந்ததை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை. கேமரா போக முடியாத இடத்துக்குப் போவதுதான் அனிமேஷனின் பலம். ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி வந்த ஓர் அகதியின் கதையை 2021இல் டென்மார்க் இயக்குநர் யோனாஸ் போஹெர் ராஸ்முசென் 'ஃப்ளீ' என்ற அனிமேஷன் படமாக எடுத்தார். வரைந்த முகம் என்பதால் அந்த மனிதரின் அடையாளம் வெளியே தெரியவில்லை, சொன்னதெல்லாம் அவர் சொன்னதாகவே இருந்தது. வன்கொடுமை வழக்குகளில் சாட்சி சொன்ன நம் மக்களின் கதைகளை ஒரு நாள் இப்படித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் தோழரின் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. எடுக்க வேண்டிய படங்கள் அவை. ஆனால் அவற்றை எடுக்கும் கடமையை, அதுவும் அறுபது நொடியில், மதிப்பெண்ணுக்காக, ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது சரியா? அவள் தலித் என்பதற்காகவே அவளுக்கு ஒரு தலைப்பு என்று ஆசிரியர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அதையே நாமும் சொல்லலாமா?

கல்லை எடுத்தால் சாதி போய்விடும் என்றும் நான் நம்பவில்லை. பிறர் எப்படிச் செய்தார்கள் என்று அவளுக்கு இரண்டு உதாரணங்கள் காட்டினேன்.

ஒன்று, 2011இல் நவயானா பதிப்பகம் வெளியிட்ட 'பீமாயணா'. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்த நூல். காமிக்ஸ் என்றால் கட்டம் கட்டமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆட்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஊரையும் சேரியையும் பிரித்துக் கோடு போட்டதை அறிந்த நமக்கு அந்த மறுப்பின் பொருள் சொல்லாமலே புரியும். பேச்சுக் குமிழ்களையும் மாற்றினார்கள். அன்பாகப் பேசுபவரின் சொல் பறவை வடிவில் இருக்கும். தீண்டாமை பேசுபவரின் சொல்லுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். கொடுத்த வேலையை ஏற்றுக்கொண்டு, வேலையின் விதியைத் தங்கள் கலைக்கு ஏற்ப மாற்றியவர்கள் அவர்கள்.

இன்னொன்று, தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1991இல் எடுத்த 'மைன்', அதாவது சுரங்கம். நிறவெறி ஆட்சி முடியாத காலம். ஒரே தாளில் கரிக்கட்டியால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் படம்பிடித்து எடுத்தது. சுரங்க முதலாளி படுக்கையில் இருந்தபடி காபி வடிகட்டும் குவளையின் பிடியை அழுத்துகிறார். அது தட்டைத் துளைத்து, படுக்கையைத் துளைத்து, நிலத்துக்குள் இறங்கிச் சுரங்கக் குழியாகிறது. கீழே தொழிலாளர்கள். ஒரு வசனம் இல்லை. நிறவெறி என்ற சொல்லும் இல்லை. ஒரு காபிக் குவளை போதுமாயிருந்தது.

அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். "அண்ணா, கல்லு சிமெண்டாகி எங்கெல்லாம் போகுதுன்னு ஒரு லிஸ்ட் போட்டேன்" என்றாள். வீடு, பள்ளிக்கூட மேடை, மேல்நிலைத் தொட்டி, சுடுகாட்டுக் கொட்டகை, பாலம். பட்டியலில் கடைசியாகச் சுவர்.

சுவர் என்றதும் நாங்கள் இருவருமே சற்று நேரம் பேசவில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நம் மக்களைப் பிரித்து நின்ற நீண்ட சுவர், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி உடைக்கப்பட்டுப் பாதை திறந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில், ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் நம் மக்களின் வீடுகள் மீது விழுந்து 17 பேர் இறந்தார்கள். பொருளின் பயணம் என்ற பிரீஃபில் இவை இரண்டும் தாமாக வந்து நின்றன. யாரும் சமூகப் பிரச்சினை என்று தலைப்புக் கொடுக்கவில்லை. கல்லைப் பின்தொடர்ந்து போனால் நம் நாட்டில் அது இங்கேதான் வந்து சேருகிறது.

கதைப்பலகையை, அதாவது ஸ்டோரிபோர்டை, அவள் மூன்று முறை மாற்றினாள். முதலில் கடலில் இருந்த சிப்பி கடைசியில் சுவருக்குள் பதிந்து தெரிவதாக வரைந்திருந்தாள். அழகாக இருந்தது. ஆனால் ஆலையில் வேலை செய்யும் தன் மாமாவிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டாராம். கல்லை அரைத்துக் களிமண் சேர்த்துச் சூளையில் ஏறக்குறைய 1450 டிகிரியில் சுட்ட பிறகு சிப்பி ஏது? அதன் பிறகு அது வெறும் கிளிங்கர், பிறகு ஜிப்சம் சேர்த்து அரைத்த தூள். அழகான அந்தக் காட்சியை அவள் நீக்கிவிட்டாள். அதற்குப் பதில் சூளையில் சிப்பியின் வடிவம் கரைந்து போவதை எட்டு நொடிக்கு வரைந்தாள். ஐம்பது கிலோ மூட்டையிலிருந்து கொட்டும் தூளுக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியாது. தொட்டி கட்டுவதா, சுவர் எழுப்புவதா என்பதை வேறு கைகள் தீர்மானிக்கின்றன. மாமாவிடம் கேட்டதால் படம் பொய்யிலிருந்து தப்பியது, வலுவும் கூடியது.

செலவுக்கும் வழி கண்டுபிடித்தாள். கனடாவின் கரோலின் லீஃப் என்ற பெண் கலைஞர் கண்ணாடி மேல் மணலைப் பரப்பி, கீழிருந்து ஒளி கொடுத்து, விரலால் நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்தவர். ஆந்தையும் வாத்தும் பற்றிய அவரது 1974ஆம் ஆண்டுப் படம் அப்படி வந்ததுதான். இவள் மணலுக்குப் பதில் கோலமாவை எடுத்துக்கொண்டாள். பழைய ஜன்னல் கண்ணாடி, ஒரு எல்இடி விளக்கு, தங்கையின் செல்போன். லேப் மூடினாலும் வீட்டிலேயே வேலை நடக்கிறது. வாசலில் கோலம் போடும் அம்மாதான் இப்போது படத்தில் பாதிக் கோடுகளுக்குக் கை கொடுக்கிறார்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு, பிரீஃப் தேர்ந்தெடுக்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகள்:

இந்தத் தலைப்பில் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத எது எனக்குத் தெரியும்?

இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள் என்று பிரீஃப் நினைக்கிறது? என் தெருவில் இதைப் போட்டுக் காட்ட என்னால் முடியுமா?

உயிரோடு இருக்கும் யாருடைய வாழ்க்கையாவது இதில் வருகிறதா? அவர்களிடம் கேட்டேனா? படம் வெளியானால் அவர்களுக்கு என்ன ஆகும்?

என் கையிலுள்ள நேரத்திலும் கருவியிலும் இத்தனை படங்களை நான் வரைந்து முடிப்பேனா?

இந்தக் கேள்விகளுக்குப் பிறகும் சாதிக் கொடுமையை நேராக எடுக்க வேண்டும் என்று உங்களுக்குள் இருந்தால், எடுங்கள். யார் தடுத்தாலும் எடுங்கள். அது உங்கள் முடிவாக இருக்கட்டும். உங்கள் சாதிச் சான்றிதழைப் பார்த்து வேறொருவர் உங்களுக்கு எழுதிய முடிவாக இருக்கக் கூடாது. எந்த பிரீஃபை எடுத்தாலும் அதை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒருமுறை திருப்பி எழுதுங்கள். இவள் தன் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறாள்: "கடலில் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது எப்படிச் சுவரானது என்று என் ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும்."

ஆசிரியர் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, இது முதல் பிரீஃப் மாதிரி அல்லவா இருக்கிறது என்று கேட்டாராம். இல்லை சார், மூன்றாவதுதான் என்று சொல்லியிருக்கிறாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முப்பத்தொன்று நொடி முடிந்திருக்கிறது. கடைசிக் காட்சிதான் இன்னும் முடிவாகவில்லை. நடூர் போலச் சுவர் விழுவதா, உத்தப்புரம் போல அதில் பாதை திறப்பதா? விழுந்தால் உண்மை, திறந்தால் நம்பிக்கை என்று நான் ஏதோ சொன்னேன். "இல்லண்ணா, ரெண்டும் நடந்ததுதானே" என்றாள். படம் முடிந்ததும் முதலில் ரெட்டிபாளையத்தில், எங்கள் தெருவில், வெள்ளை வேட்டி கட்டித் திரையிடுவதாகப் பேச்சு. தேதி முடிவானதும் இங்கே எழுதுகிறேன். பக்கத்து ஊர்த் தோழர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

ஜெய் பீம்.